கஜாவுக்குச் சொல்ல வேண்டிய நன்றி

புயலே, கஜா என்று உனக்குப் பெயர் எழுதிக் கொடுத்தது இலங்கை. யானை என்று பொருள். பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு யானை முகம் புதிதில்லை. எந்தக் காரியத்தையும் அந்த முகத்தைக் கும்பிட்டுத்தான் தொடங்குவோம். ஆனால் 2018 நவம்பர் 15 அன்று இரவு நீ வருகிறாய் வருகிறாய் என்று தொலைக்காட்சி ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தபோது, காரைக்குடிக்கு வடக்கே, புதுக்கோட்டை எல்லையை ஒட்டிய எங்கள் ஊரில் ஒருவரும் ஒரு குடம் தண்ணீர் கூடுதலாகப் பிடித்து வைக்கவில்லை. கடற்கரை எங்கே, நாம் எங்கே என்று பேசிக்கொண்டு படுத்தோம்.

நள்ளிரவுக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறினாய். மணிக்கு 100 முதல் 110 கிலோமீட்டர் வேகம், இடையிடையே 120 வரை. கரையைத் தொட்டதும் தளர்ந்துவிடுவாய் என்று நினைத்திருந்தோம். நீ பட்டுக்கோட்டையையும் பேராவூரணியையும் மிதித்து, புதுக்கோட்டைக்குள் புகுந்து, எங்கள் ஓட்டுக் கூரைகளைத் தடவிக்கொண்டு திண்டுக்கல் மலையடிவாரம் வரை நடந்து போனாய். விடிந்து பார்த்தபோது தெருவில் கம்பி கிடந்தது, மரம் கிடந்தது, எங்கிருந்தோ பறந்து வந்த தகரம் கிடந்தது. தமிழ்நாட்டில் 45 பேருக்கு மேல் இறந்துபோயிருந்தார்கள்.

வேதாரண்யத்துக்காரர்களுக்கும் பட்டுக்கோட்டைக்காரர்களுக்கும் நீ செய்ததை நான் புகழ வரவில்லை. முப்பது வருடம் பிள்ளை மாதிரி வளர்த்த தென்னை ஒரே இரவில் வேரோடு சாய்ந்து கிடக்க, அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு விவசாயியின் முகத்தை அந்த வாரம் ஆலங்குடிப் பக்கம் பார்த்தேன். அவர் முன்னால் நின்று இந்த நன்றியைச் சொல்ல எனக்கு நாக்கு வராது. இதை எங்கள் ஊருக்காக மட்டும் சொல்கிறேன். எங்களை நீ வால் நுனியால்தான் தொட்டாய். உயிர்ச்சேதம் இல்லை. எங்களுக்கு நீ வேறொரு காரியம் செய்தாய். எங்கள் வீடுகளில் எது இருக்கிறது, எது இல்லை என்று எங்களுக்கே கணக்கெடுத்துக் காட்டினாய். அதுவரை யாரும் எடுக்காத கணக்கு அது.

முதல் நாள் மேல்தொட்டியில் இருந்த தண்ணீர் ஓடியது. இரண்டாம் நாள் காலை குழாயில் காற்று வந்தது. கரண்ட் இல்லை, ஆகவே மோட்டார் இல்லை, ஆகவே தண்ணீர் இல்லை. எங்கள் தெருவில் கிணறு இல்லாத பழைய வீடு கிடையாது. வீடு கட்டுவதற்கு முன்னால் கிணறு வெட்டி, அந்தத் தண்ணீரில் குழைத்துத்தான் சுண்ணாம்புச் சாந்து அரைத்தார்கள். அத்தனை கிணறும் இருந்தது, ஆனால் ஒன்றுக்கும் வாய் இல்லை. ஒன்றின் மேல் சிமெண்டுப் பலகை போட்டு அதன் மேல் துணி துவைக்கும் கல் வைத்திருந்தார்கள். ஒன்றில் கழிவுநீர்க் குழாயை இறக்கியிருந்தார்கள். இன்னொன்றில், பழைய வீட்டின் ஒரு பகுதியை இடித்த கழிவையெல்லாம் கொட்டி நிரப்பியிருந்தார்கள். எங்கள் வீட்டுக் கிணற்றைக் குழந்தைகள் விழுந்துவிடுவார்கள் என்று சொல்லி மூடியவன் நான்தான். குழந்தைகள் பெரியவர்களாகி வெளியூர் போய்விட்டார்கள். மூடியது மூடியபடி கிடந்தது.

எதிர்வீட்டு ஆச்சி ஒருவர்தான் மூடவில்லை. எண்பதைத் தாண்டியவர். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீட்டில் அவர் புழங்கியது இரண்டே அறைகளில். ஆனால் தீபாவளிக்கு ஒருமுறை ஆள் விட்டுக் கிணற்றுக் கப்பிக்கு எண்ணெய் போடுவார். தேங்காய்நார்க் கயிற்றை வெயிலில் உலர்த்திச் சுருட்டி வைப்பார். எதற்கு இந்த வேலை என்று நான் கேட்டிருக்கிறேன். அன்று இரண்டாம் நாள் மத்தியானம் அவரே கொல்லைக்கதவைத் திறந்து வைத்தார்.

“எல்லாரும் வந்து எடுத்துக்கச் சொல்லப்பா. கெணத்துக்கு வாயி இருக்கணும். வாய மூடிட்டா அது கெணறு இல்ல, வெறுங்குழி” என்றார்.

பதினோரு நாள் அந்தக் கிணற்றில் இறைத்தோம். கிழக்குத் தெருக்காரர்கள் அந்தக் கிணற்றடியை முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். நூறு வருடத்துக்கு மேல் அதே ஊரில் இருந்தும், அந்தக் கல்தரையில் அவர்கள் கால் பட்டதில்லை. அந்தப் பதினோரு நாளும் ஒரே வாளி, ஒரே கயிறு. முன்னால் வந்தவர் முன்னால் இறைத்தார். எந்தச் சட்டமும், எந்தத் தலைவரும், எந்த ஊர்க்கூட்டமும் எங்கள் தெருவில் செய்ய முடியாததை நீ ஒரு கம்பியை அறுத்துப்போட்டுச் செய்தாய். இதற்காக உன்னை நான் மனமாரப் புகழ்கிறேன்.

காரைக்குடியில் பழம்பொருள் கடைகளுக்குப் போனால் கிணற்றுக் கப்பிகளை வரிசையாகப் பார்க்கலாம். துரு நீக்கி, எண்ணெய் பூசி, மின்விளக்கின் கீழ் பளபளவென்று இருக்கும். சில விடுதிகளின் முகப்பில் அவற்றை அழகுக்காகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதியமானுக்காகத் தூது போன ஔவை, தொண்டைமானின் கொட்டிலில் நெய் பூசி மாலை சூட்டிய வேல்களைப் பார்த்துப் பாராட்டினாள். அவளுடைய அரசனின் வேல்கள் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன. அந்தக் கதையைப் பள்ளிக்கூடத்தில் படிக்காதவர்கள் நம்மில் யாருமில்லை. ஆச்சி வீட்டுக் கப்பியின் ஒரு பக்கம் கயிறு அறுத்துப் பள்ளமாகிவிட்டது. இறைக்கும்போது கிறீச்சென்று தெருவுக்கே கேட்கும். பளபளப்பு என்று அதில் ஒரு பொட்டுகூட இல்லை.

இன்னொன்றும் காட்டினாய். நிழலுக்கும் பூவுக்குமாகச் சாலையோரம் வைத்த மரங்கள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. தென்னந்தோப்புகள் வாரி விட்டதுபோல் கிடந்தன. கண்மாய்க் கரைப் பனை அசையாமல் நின்றது. கடலோரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்களும் அதையே சொன்னார்கள்: சுற்றிலும் எல்லாம் விழுந்த இடத்தில் பனை நின்றது. நின்ற பனைகளை எண்ணுவது சுலபமாக இருந்தது, ஏனென்றால் அதற்கு முன்பே செங்கல் சூளைக்கு வெட்டிக் கொடுத்தது போக மிச்சம் இருந்தவை கொஞ்சம்தான். எந்த மரம் நம் மண்ணுக்கு உரியது என்று விளக்கப் புத்தகமோ கூட்டமோ வேண்டியிருக்கவில்லை. ஒரே இரவில் தரம் பிரித்துத் தெருவில் போட்டுவிட்டுப் போனாய்.

உனக்கு முன்னால் உன் அக்காள் வந்திருந்தாள். அவளையும் விட்டுவிடக் கூடாது. 2016-இல் பொய்த்த வடகிழக்குப் பருவமழைதான் அவள். அந்த மூன்று மாதத்தில் தமிழ்நாட்டுக்குச் சராசரியாகக் கிடைக்க வேண்டியது 440 மில்லிமீட்டர், கிடைத்தது 168. நூற்றுக்கு 62 பங்கு குறைவு. அத்தனை மோசமாகப் பருவம் பொய்த்தது அதற்கு முன் 1876-இல் என்று வானிலைக்காரர்கள் கணக்குப் பார்த்துச் சொன்னார்கள். 1876 என்றால் தாது வருடம். எங்கள் அப்பத்தா, தன் பாட்டி சொல்லக் கேட்டதாக, அந்தப் பஞ்சத்தைப் பற்றிச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வாள். மாகாணம் முழுக்க லட்சக்கணக்கில் செத்தார்கள். 2016-இல் அப்படிச் சாகவில்லை. ரேஷன் அரிசி இருந்தது, லாரித் தண்ணீர் இருந்தது. 2017 ஜனவரி 10 அன்று 32 மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அரசு அறிவித்தது.

அந்த அக்காள் செய்த உபகாரம், தரையைத் திறந்து காட்டியது. தண்ணீர் இருக்கும்வரை கண்மாய்க்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அவள் வற்றடித்ததும் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. மடையின் வாய் எந்த மட்டத்தில் இருக்கிறது, அதற்கு மேல் எத்தனை அடி வண்டல் ஏறியிருக்கிறது, கலுங்குக் கல்லை யார் பெயர்த்து எடுத்துப்போனார்கள், சீமைக்கருவேலம் எதுவரை வந்துவிட்டது, கண்மாய் வேலி எங்கே முடிந்து தனியார் வேலி எங்கே தொடங்குகிறது, எல்லாம். ஊருணிக்குள் இறங்கிப் படிகளை எண்ணினேன். செம்புறாங்கல் படிகள், பதினெட்டு. நான் பிறந்ததிலிருந்து பதினொன்றுக்குக் கீழே பார்த்ததில்லை. இதைவிடத் தெளிவாக ஒரு வரைபடத்தை எந்தப் பொறியாளரும் விரித்துக் காட்ட முடியாது. 2017-இல் குடிமராமத்து என்ற பழைய பெயரைத் தூசி தட்டி அரசு மறுபடி எடுத்தது. சில கண்மாய்களில் வேலையும் நடந்தது. எங்கள் ஊரில் நாங்கள் செய்தது, ஆளுக்கொரு ஆழ்துளைக் கிணறு. இருநூறு அடியில் வராவிட்டால் நானூறு, நானூறில் வராவிட்டால் அறுநூறு.

அதனால்தான் நீ மழையோடு வந்தபோதும் ஊருணி நிறையவில்லை. ஒரு இரவு முழுக்கக் கொட்டினாய். காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் முழங்கால் தண்ணீர், பேருந்து நிறுத்தத்தில் முழங்கால் தண்ணீர், புதிதாக விற்ற மனைகளில் இடுப்பளவு. ஊருணியில் மட்டும் கணுக்கால். அந்த மனைகள்தான் ஊருணியின் வரத்துக்கால். தண்ணீர் தன் பழைய வழியில் சரியாக வந்து, அங்கே நட்டிருந்த எல்லைக்கல்லைப் பார்த்து நின்றுவிட்டது. மனை வாங்கியவர்களுக்கு அது வரத்துக்கால் என்று தெரியாது. விற்றவர்களுக்குத் தெரியும். பார்த்துக்கொண்டு இருந்த எங்கள் எல்லாருக்கும் தெரியும். பொய்யான பட்டாவையும் உண்மையான பள்ளத்தையும் பிரித்துக் காட்டும் நீதிபதி நீ. உன் தீர்ப்பு மூன்று நாள் அந்த மனைகளில் தேங்கி நின்றது. பிறகு நாங்கள் மண்ணடித்து மேடாக்கினோம்.

எங்கள் முன்னோருக்கு ஆசிரியராக வந்தது கடல். காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பல் வாணிகம் செய்த நகரத்தார், கடல் பொங்கிப் பட்டினத்தை விழுங்கிய பிறகு மேற்கே நகர்ந்து, பாண்டிய நாட்டின் இந்த வறண்ட மேட்டைத் தேர்ந்து குடியேறினார்கள் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். இளையாத்தங்குடி தொடங்கி ஒன்பது நகரக் கோயில்கள், 96 ஊர்கள். வீட்டைத் தெருமட்டத்திலிருந்து ஆள் உயரம் தூக்கிக் கட்டியது அந்தக் கடல் பயத்தால்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வந்த இடத்தில் கடல் இல்லை, ஆறும் பெயருக்குத்தான். பயந்து ஓடி வந்த தண்ணீரையே இங்கே தேடிச் சேர்க்க வேண்டியதாயிற்று. அவர்கள் இரண்டு பாடத்தையும் ஒரே வீட்டுக்குள் எழுதினார்கள். வெள்ளம் வந்தால் உள்ளே ஏறாத அடித்தளம், மழை பெய்தால் ஒரு சொட்டும் வீணாகாத கூரை. நாலு பக்கத்து ஓடும் முற்றத்தைப் பார்த்துச் சரியும். மூலைத் தூம்பின் கீழ் அண்டாவும் கிடாரமும் காத்திருக்கும். மிஞ்சியது கல்லடைத்த வாய்க்கால் வழியாகத் தெருவுக்கு, தெருவிலிருந்து ஊருணிக்கு. குடிக்க ஊருணி, குளிக்கக் குளம், உழக் கண்மாய். ஒன்றின் வேலையை மற்றொன்றில் செய்ய விடமாட்டார்கள். ஊருணியில் கால் கழுவினால் அபராதம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சிவகங்கைச் சீமையில் வருடத்துக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை. பத்தாயிரம் சதுர அடிக் கூரையில் அது எட்டு லட்சம் லிட்டர். அத்தகைய வீடுகள் ஆயிரக்கணக்கில் இங்கே இருக்கின்றன. 2014-இல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் சேர்த்தபோது நாம் எல்லாரும் பெருமைப்பட்டோம். அந்தப் பெருமைக்கு உரியவர்கள் அந்தக் கூரையைச் சரித்தவர்கள். இன்று அதே முற்றங்களுக்கு மேல் குரங்குக்கும் தூசிக்குமென்று கண்ணாடி இழைத் தகடு வேய்ந்திருக்கிறோம். 2003-இல் தமிழ்நாடு முழுவதும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிச் சட்டம் வந்தபோது, புதிய வீடுகளில் குழாய் பதித்தோம். எங்கள் தெருவில் எட்டு வீட்டில் குழாய் இன்றும் இருக்கிறது. அது போய்ச் சேரும் குழி ஒன்றுகூட இல்லை.

நீ ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்துப் போட்டாய். அவற்றை நிமிர்த்தியவர்கள் மற்ற மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த மின்வாரிய ஆட்கள். லாரி போக முடியாத வயலுக்குள், தொடையளவு சேற்றில், ஒரு கம்பத்தைப் பத்துப் பேர் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். எங்கள் ஊருக்கு வந்த குழு பள்ளிக்கூடத்தில் தங்கியது. வீட்டுக்கு வீடு சோறு ஆக்கிக் கொடுத்தோம். பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்குத் தெருவிளக்கு எரிந்தது. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள், சிலர் வேட்டுப் போட்டார்கள். ஆச்சி வழக்கம்போல் மறுநாள் விடியற்காலையில் கொல்லைக்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒருவரும் வரவில்லை. ஒன்பது மணி வாக்கில் நான் போனேன்.

“கரண்டு வந்துருச்சில்ல” என்று சொல்லிவிட்டு அவரே எழுந்து கதவைச் சாத்தினார்.

கிழக்குத் தெருக்காரர்கள் அதன்பிறகு அந்தக் கிணற்றடிக்கு வரவில்லை. யாரும் வரக்கூடாது என்று சொல்லவில்லை. யாரும் வாருங்கள் என்றும் சொல்லவில்லை.

உன்னிடம் அதிகம் இழந்தவர்கள் வேறு மாதிரி இருந்தார்கள். 2019-இல் பேராவூரணியில் இளைஞர்கள் கூடி, கைக்காசும் ஊர்க்காசும் வெளிநாட்டில் வேலை செய்யும் நண்பர்களின் காசும் போட்டு, ஊரின் பெரிய குளத்தைத் தூர் வாரினார்கள். தென்னையை இழந்து, கூரையை இழந்து, அடுத்த வருடச் சாப்பாட்டுக்கு வழி தெரியாமல் நின்ற ஊர் அது. அங்கே மண்வெட்டி எடுத்தார்கள். கொஞ்சம் ஓடுகளும் பத்துப் பதினோரு இரவுத் தூக்கமும் மட்டுமே இழந்த நாங்கள் எடுக்கவில்லை. உன் குறை இல்லை அது. இரண்டு இடத்திலும் நீ ஒரே பாடத்தைத்தான் நடத்தினாய்.

ஆச்சி இரண்டு வருடத்துக்கு முன்னால் காலமானார். காரியத்துக்கு வந்த பிள்ளைகள் பங்கு பிரித்தார்கள். தேக்குத் தூண்களும் நிலைக்கதவும் முதலில் போயின. பிறகு கிணற்றுக் கப்பி போனது. பள்ளம் விழுந்த பக்கத்தைக் கடைக்காரர் அரம் போட்டுத் தேய்த்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். வீட்டை வாங்கியவர் பாதுகாப்புக்காகக் கிணற்றின் மேல் இரும்புத் தகடு அடித்திருக்கிறார். நல்ல மனிதர்தான். நான் மூடியபோது சொன்ன அதே காரணத்தைச் சொன்னார்.

அன்று வீட்டுக்கு வந்து எங்கள் கிணற்றுப் பலகையைப் பெயர்க்க ஆள் கூப்பிட்டேன். இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு அதற்கு வெளிச்சம் பட்டது. நாலு நாள் தூர் எடுத்தோம். நாற்பத்தொரு அடியில் தண்ணீர் இருந்தது. இப்போது கயிறு கட்டியிருக்கிறேன். கொல்லைக்கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை என்று கிழக்குத் தெருவில் போய்ச் சொல்லிவிட்டும் வந்தேன். ஊருணியின் வரத்துக்கால் என் ஒருவனால் ஆகிற காரியம் இல்லை.

ஆகையால் இதைப் படிக்கிற செட்டிநாட்டுக்காரர்களே, எந்தத் தெருவானாலும், ஊரில் இருப்பவரானாலும் வெளியூரில் இருப்பவரானாலும், ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு நாள் காலையில் உங்கள் ஊருணியிலிருந்து கிளம்பி வரத்துக்கால் வழியே அது தொடங்கும் மேடு வரை நடந்து பாருங்கள். எங்கே நடக்க முடியாமல் நிற்கிறீர்களோ, அங்கேதான் தண்ணீரும் நிற்கிறது. அந்த இடத்தின் பெயரை அடுத்த ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லுங்கள். எங்கள் ஊருணியில் சென்ற மழைக்கு மூன்று படி தண்ணீர் ஏறியது. படிகள் பதினெட்டு.